மூடி கழற்றாத மாஸ்டர்

எலியேசருக்குப் புகைப்படக்காரர்கள் மேல் துளி மரியாதை கிடையாது. சியென்ஃபுவேகோஸ் துறைமுக நகரத்தில் கூரையில்லாத பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பதினைந்து வயது நிறைகிற பெண்பிள்ளைகளை அதில் ஏற்றிப் படமெடுக்கும் இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போவதுதான் அவன் பிழைப்பு. கியூபாவில் கல்யாணம் தள்ளிப்போகலாம், மாப்பிள்ளைகூட மாறலாம். பதினைந்து வயது ஆல்பம் மட்டும் வாழ்க்கையில் ஒருமுறைதான், அதில் யாரும் விளையாடுவதில்லை.

அந்த ஆல்பங்களை எடுக்கிற நார்சிசோ அவனுக்குக் கூட்டாளி. மீசைக்கு மை பூசுகிற மனிதர். உடம்பு முழுக்கப் பைகள் வைத்த காக்கி மேல்சட்டையும் வைக்கோல் தொப்பியும் இல்லாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டமாட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இருவருக்கும் தினமும் ஒரே சண்டைதான்.

"நீ அப்படி என்னதான்யா பண்ற? பட்டனை அமுக்குற. என் வண்டி ஹாரனும் பட்டன்தான்."

"ஹாரன் அடிக்கிறவனெல்லாம் டிரம்பெட் வாசிச்சிட முடியுமா மச்சான்? ஒளியைப் படிக்கவே பத்து வருஷம் ஆகும்."

"ஒளியைப் படிக்கிறியா? எழுத்துக்கூட்டியா, சரளமாவா?"

நார்சிசோ முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்ப்பார். அந்தப் பார்வையிலும் ஒரு கலைத்தனம் இருக்கும். எலியேசருக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

மலைப்பக்கத்து ஊரான குமானயாகுவாவிலிருந்து சொராய்தா என்றொரு அம்மாள் தன் மகளைப் படமெடுக்க அழைத்து வரவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், நார்சிசோ துறைமுகத்துப் பக்கம் தள்ளுவண்டியில் விற்கிற சிப்பியைப் பச்சையாகவே தக்காளிச் சாற்றில் மிதக்கவிட்டுக் குடித்தார். ஒரு கிளாஸோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சிப்பி ஆண்மைக்கு நல்லது என்று விற்கிறவன் சொல்ல, கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். காலையில் எலியேசர் போய்க் கதவைத் தட்டியபோது பதில் கழிவறைக்குள்ளிருந்து வந்தது.

"மச்சான்... என்னால வர முடியாது. எழுந்திரிக்கவே முடியல."

"அந்தம்மா மலையிலிருந்து லாரி பிடிச்சு வந்து இறங்கிட்டாங்க. வாடகைக்கு எடுத்த கவுனை சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணுமாம். பொண்ணுக்குத் தலை சீவி முடிச்சாச்சு."

"அவங்க என்னைப் பார்த்ததே இல்ல. போன்ல பேசினதோட சரி." உள்ளேயிருந்து ஒரு நீண்ட முனகல் வந்தது. "நீ போய் இடத்தையெல்லாம் சுத்திக் காட்டிக்கிட்டு இரு. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். கேமரா ஆணியில தொங்குது. அதைத் தொடாம எடுத்துட்டுப் போ."

தொடாமல் எப்படி எடுப்பது என்று எலியேசர் கேட்கவில்லை. கேமராவை எடுத்தான். பக்கத்து ஆணியில் காக்கி மேல்சட்டையும் தொப்பியும் தொங்கின. அவற்றையும் எடுத்தான். வண்டிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது, சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும் யோசனை அவன் மனதிலிருந்து ஓடிப்போய்விட்டது. இத்தனை வருஷமாக வாயால் சொன்னதைக் கையால் காட்ட ஆண்டவனே கொடுத்த நாள் இது என்று தோன்றியது.

சொராய்தா குமானயாகுவா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நோயாளி எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அவளுக்கு. கவுனை வாடகைக்குக் கொடுத்த கடையின் வாசலிலேயே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் மாஸ்டரா? போன்ல குரல் வேற மாதிரி இருந்துச்சு."

"போன்ல எனக்கு ஜலதோஷம்மா."

"இருமலோட சளி வருதா?"

"இல்லம்மா, இப்ப நல்லாயிருக்கு," என்று எலியேசர் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "டிரைவர் லீவு. நானே வண்டியும் ஓட்டுறேன்."

மகள் யானெய்சி வெளியே வந்தாள். ரோஜா நிறக் கவுன் வாசற்படியை அடைத்துக்கொண்டு வந்தது, அதன் உச்சியில் சின்னதாக ஒரு முகமும் கிரீடமும் இருந்தன. முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பல் பிடுங்கப் போகிறவள்போல வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் பூங்காவுக்குப் பக்கத்து மாளிகைப் படிக்கட்டு. நார்சிசோ எப்படிச் செய்வார் என்பது எலியேசருக்கு மனப்பாடம். ஒரு கண்ணை மூடுவார், பெருவிரலை நீட்டுவார், "அழகு" என்று முனகுவார், ஒரு முழங்காலை மடிப்பார். எலியேசர் அத்தனையும் செய்தான். கேமராவில் கண்ணை வைத்தான். உள்ளே ஒரே கருப்பு. தொழில்காரர்கள் பார்க்காமலேயே எடுப்பார்கள் போலிருக்கிறது, அதுதான் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினான். கேமரா ஏதோ முனகியது, ஆனால் க்ளிக் என்ற சத்தம் வரவில்லை. சொராய்தா பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லாமல் எலியேசர் நாக்கால் ஒரு க்ளிக் போட்டான்.

நன்றாகவே வந்தது. இன்னொன்று போட்டான். விசிறியைப் பிடிக்கச் சொல்லி ஒன்று, வானத்தைப் பார்க்கச் சொல்லி ஒன்று, கன்னத்தில் விரல் வைக்கச் சொல்லி ஒன்று. நாக்கு வலித்தது.

"ரொம்ப வேகமா எடுக்கறாரே," என்றாள் சொராய்தா, மரியாதையோடு.

அம்மா பூ விற்கிறவளிடம் திரும்பிய நேரம் பார்த்து, யானெய்சி கன்னத்தில் வைத்த விரலை எடுக்காமலே உதட்டை மட்டும் அசைத்தாள்.

"மாஸ்டர். மூடி."

"என்னம்மா?"

"லென்ஸ்ல மூடி இருக்கு. கழட்டல."

எலியேசருக்குக் காது வரை சூடேறியது. மூடியைக் கழற்றிப் பத்துப் பன்னிரண்டு பைகளில் எதிலோ போட்டான். அப்புறம் அது எந்தப் பை என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மாளிகையின் தூணுக்குப் பின்னால் போய் நார்சிசோவுக்கு போன் போட்டான்.

"மச்சான், இதுல ஏகப்பட்ட திருகாணி இருக்கு. எதைத் திருகணும்?"

"எதையும் திருகாத! மேல பச்சைக் கட்டம் தெரியுதா? அதுல வை, மத்ததைக் கேமராவே பாத்துக்கும். நீ எதுக்கு எடுக்கற? சுத்திக் காட்டத்தானே சொன்னேன்!" பின்னணியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "சூரியன் எங்க இருக்கு?"

"வானத்துலதான். வேற எங்க இருக்கும்?"

"தலைக்கு நேரா இருந்தா எடுக்காதய்யா. கண்ணுக்குக் கீழ குழி விழும், பொண்ணு செத்தவ மாதிரி தெரிவா. நிழலுக்குக் கூட்டிட்டுப் போ. கண்ணுல ஃபோகஸ் வை. தலைக்குப் பின்னால கம்பம் முளைக்காமப் பாத்துக்க. கிட்டப் போ. இன்னும் கிட்டப் போ. சிரின்னு மட்டும் சொல்லிடாத, சொன்னா எல்லாரும் குதிரை மாதிரிப் பல்லைக்... ஐயோ." அழைப்பு அறுந்தது.

இவ்வளவுதானா என்று எலியேசருக்குத் தோன்றியது. பத்து வருஷம் பத்து வருஷம் என்று மிரட்டிய வித்தை, ஒரு போன் பேச்சுக்குள் அடங்கிவிட்டதே. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூணைச் சுற்றி வந்தான். அங்கே கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யானெய்சி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீங்க டிரைவர்," என்றாள்.

"கத்தாதம்மா."

"நான் கத்தல. அம்மாகிட்ட சொன்னாதான் கத்தல் கேட்கும். எனக்கு இந்த விசிறி, குடை, வானத்தைப் பார்க்கறது எதுவும் பிடிக்கல. அம்மாவுக்காக நிக்கறேன்." வண்டிப் பக்கம் பார்த்தாள். முகத்தில் அன்று முதல்முறையாக உயிர் வந்தது. "எனக்கு அதை ஓட்டணும்."

எலியேசர் அதிர்ந்துபோனான். அந்த வண்டியை அவன் கூடப்பிறந்த அண்ணனுக்கே கொடுத்ததில்லை. அமெரிக்க உடம்புக்குள் ரஷ்ய ஜீப்பின் இன்ஜினும் எதிலிருந்தோ கழற்றிய கியர்பெட்டியும் வைத்து, பிரேக்குக்குச் சமையல் எண்ணெயா ஷாம்புவா என்று அவனுக்கே மறந்துபோன ஒரு கலவையை ஊற்றி உயிரோடு வைத்திருந்தான்.

"கார் ஓட்டறது என்ன விளையாட்டாம்மா? அதுக்குன்னு வருஷக்கணக்கா பழகணும். இன்ஜின் மூச்சு விடறதைக் காதால படிக்கணும். இன்னிக்கு ஆசைப்பட்டு இன்னிக்கே..."

"போட்டோ மட்டும் காலைல கத்துக்கிட்டு மத்தியானம் எடுத்துடலாமா மாஸ்டர்?"

அம்மா பூவோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். யானெய்சி அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

"அம்மா," என்று எலியேசர் முந்திக்கொண்டான், "ஹவானாவுல இப்ப ஒரு புது ஸ்டைல் வந்திருக்கு. பொண்ணே வண்டி ஓட்டுற மாதிரி எடுக்கறாங்க."

"ஓட்டுற மாதிரியா, ஓட்டியேவா?"

"மாதிரின்னா படத்துல பொய் தெரிஞ்சிடும்மா."

ஹவானாவில் செய்கிறார்கள் என்றால் குமானயாகுவாவில் முதலில் செய்தவள் தன் மகளாக இருக்கவேண்டும் என்று சொராய்தாவுக்குப் பட்டது. பின் இருக்கையில் குடையோடு ஏறி உட்கார்ந்தாள். கவுனின் பாதியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு யானெய்சி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். மீதிப் பாதி எலியேசரின் மூக்கு வரை வந்தது.

புந்தா கோர்தா பக்கம் கடலோரச் சாலை நேராகப் போகும், உச்சி வேளையில் ஆளும் அதிகம் இருக்காது. முதல் கியரில் வண்டி தவளைபோலக் குதித்தது. இரண்டாவதில் கியர்பெட்டி போட்ட சத்தத்தில் எலியேசருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"கிளட்சை விடும்மா! விடாத! மெதுவா விடுன்னேன்!"

"படம் எடுங்க மாஸ்டர்!" என்று அவள் கத்தினாள். "ஹவானா ஸ்டைல்!"

எடுத்தான். கதவில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை எங்கோ ஊன்றி, ஒரு கையால் அவ்வப்போது ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டு, மறு கையால் கேமராவைப் பிடித்து, பார்த்தும் பார்க்காமலும் அமுக்கினான். பயத்தில் விரல் பட்டனிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து சொராய்தா எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குடை உள்வெளியாகப் புரண்டது. வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவன் சரக்கை விட்டுவிட்டு மதில்மேல் ஏறி நின்றான். யானெய்சியின் கிரீடம் ஒரு காதுக்கு நழுவியிருந்தது. மூன்றாவது கியர் விழுந்ததும் அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரிய, சத்தமாகச் சிரித்தாள்.

அந்தச் சாலையில் ஒரு சங்கடம் உண்டு. முனையில் அது முடிந்துவிடும், அப்புறம் கடல்தான்.

"பிரேக்கு!"

"எது பிரேக்கு?"

அதைச் சொல்லிக்கொடுக்க எலியேசர் மறந்திருந்தான். குனிந்து கையாலேயே பிரேக்கை அழுத்தினான். வண்டி புல்லில் வழுக்கிக்கொண்டு போய், முன்சக்கரங்கள் இரண்டும் கடல்நீரில் இறங்கியபின், ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அந்த அமைதியில் மேல்சட்டைப் பையிலிருந்த போன் அடித்தது. எடுக்கப்போன அவசரத்தில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது.

"எலியேசரு!" என்று நார்சிசோவின் குரல் வளைகுடா முழுக்கக் கேட்டது. "தண்ணி தீர்ந்துபோச்சு! நிக்கவே மாட்டேங்குது மச்சான்! அந்த நர்ஸம்மாகிட்ட ஏதாவது பொய் சொல்லி வை, சாகறதுக்கு முன்னாடி வந்துடறேன்!"

சொராய்தா பின் இருக்கையில் மெல்ல எழுந்து நின்றாள். தலைமுடி ஒரு பக்கமாக நின்றது.

"அது யாரு?"

எலியேசர் தொப்பியைக் கழற்றினான். "அதும்மா... மாஸ்டர்."

"அப்ப நீ?"

"ஹாரன்," என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அடி விழும் என்று எதிர்பார்த்தான். சொராய்தா கையை ஓங்கவும் செய்தாள். ஆனால் போனில் மறுபடி முனகல் கேட்டதும் அந்தக் கை தானாகக் கீழே இறங்கியது. "எப்ப ஆரம்பிச்சுது? என்ன சாப்பிட்டார்? நாக்கு வறண்டிருக்கா?" என்று போனைப் பிடுங்கிக் கேட்கத் தொடங்கினாள். நோயாளி ஒருவன் கையில் கிடைத்துவிட்டால் அவளுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். வேர்க்கடலைக்காரன் முதலாக நாலு பேர் சேர்ந்து வண்டியை வெளியே இழுத்துத் தள்ளிவிட, ஈரச் செருப்போடு நேராக நார்சிசோ வீட்டுக்குப் போனார்கள்.

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைச் சொராய்தா அவருக்குச் சொட்டுவிடாமல் குடிக்கவைத்தாள். குடித்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்றாள். மை கரைந்த மீசையோடு போர்வைக்குள் கிடந்த நார்சிசோ, சாயங்காலம் கொஞ்சம் தெளிந்ததும் கேமராவைக் கேட்டார். மற்ற மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவரோடு பார்த்தார்கள்.

முதலில் ஆகாயம். அப்புறமும் ஆகாயம். எலியேசரின் முழங்கால். கடலோர விளக்குக் கம்பம் யானெய்சியின் கிரீடத்திலிருந்து முளைத்து நின்றது. ரோஜா நிறத் துணி மட்டும் ஒன்று. சொராய்தாவின் அண்ணாக்கு ஒன்று, பல் டாக்டருக்குப் பயன்படும் தெளிவோடு. ஒவ்வொன்றுக்கும் நார்சிசோ அழிக்கும் பட்டனை அமுக்கி, ஒவ்வொரு அமுக்கலிலும் கொஞ்சம் குணமாகிக்கொண்டு வந்தார்.

"பட்டன் அமுக்கறதுதானே மச்சான்?" என்றார் இனிமையாக. "பாரு, நான் அமுக்கறேன்."

அப்புறம் அவர் விரல் நின்றது.

அந்தப் படத்தில் யானெய்சி தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிரீடம் காதில் தொங்க, முடிக்கற்றை ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் அவள் அம்மா, புரண்ட குடையைப் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு. உற்றுப் பார்த்தால் அவளும் அலறவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் கூர்மையாக இருந்தன, இரண்டு பேருக்கும். வெளிச்சம் வண்டிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி முகத்துக்குக் கீழிருந்து விழுந்ததில் கண்ணுக்குக் கீழே விழவேண்டிய குழியெல்லாம் நிறைந்திருந்தது.

"இந்த வெளிச்சத்துக்காக நான் வெள்ளை அட்டை பிடிக்கறதுக்கு ஒரு ஆள் வைப்பேன்," என்று நார்சிசோ மெதுவாகச் சொன்னார். "இது எப்படி எடுத்த?"

"கண்ணை மூடிக்கிட்டு," என்றான் எலியேசர். உண்மையைத்தான் சொன்னான்.

சொராய்தா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படிச் சிரிப்பேனா?" என்று மகளைக் கேட்டாள்.

"எனக்கும் இன்னிக்குத்தான்மா தெரியும்."

கவுனுக்கு இன்னொரு நாள் கெஞ்சி வாங்கினார்கள். மறுநாள் விடிந்ததும், வெயில் இன்னும் சாய்ந்திருந்தபோது, நார்சிசோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து ஆல்பம் முழுக்க எடுத்தார். விசிறி, குடை, படிக்கட்டு, வானம், எல்லாம். ஒன்றும் தவறவில்லை. குமானயாகுவாவில் அந்த ஆல்பத்தைப் பார்க்காதவர் இல்லை. ஆனால் சொராய்தா வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியது எலியேசர் எடுத்ததைத்தான்.

வினை அங்கேதான் பிடித்தது. அடுத்த மாதமே அந்த ஊரிலிருந்து இன்னொரு பெண் வீட்டார் தேடி வந்தார்கள். அவர்கள் நார்சிசோவைக் கேட்கவில்லை. "வண்டி ஓட்டவிட்டு எடுப்பாரே, அந்த மாஸ்டர்" என்று கேட்டார்கள். எலியேசர் ஒரு காக்கி மேல்சட்டை தைத்துக்கொண்டான், அதில் நார்சிசோவுடையதைவிட இரண்டு பை அதிகம். இரவல் கேமரா ஒன்று பிடித்தான். மூடியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

அதே சாலை, அதே வண்டி, அதே உச்சி வேளை. இந்தப் பெண்ணுக்கு வண்டி ஓட்டுவதில் விருப்பமே இல்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் அழுதாள். அழுததில் மை கரைந்தது, மை கரைந்ததைப் பார்த்து அவள் அத்தை அழுதாள். நிழலுக்குக் கூட்டிப்போனான், நிழலில் முகம் பச்சையாக வந்தது. கிட்டப் போனான், மூக்கு பெரிதாக வந்தது. எலியேசர் பயப்பட்டுப் பார்த்தான், கண்ணை மூடிப் பார்த்தான், கதவில் சாய்ந்து ஒற்றைக்கையால் எடுத்துப் பார்த்தான். போன தடவை உதவிய எதுவும் இந்தத் தடவை உதவவில்லை. அவனுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். அது தீர்ந்தபோது இன்னும் பாதி நாள் பாக்கியிருந்தது.

நார்சிசோவுக்கு போன் போட்டான்.

"மச்சான், எங்க இருக்க?"

"காபி குடிச்சிட்டிருக்கேன்," என்றார் நார்சிசோ. உறிஞ்சும் சத்தத்தைத் தெளிவாகக் கேட்கவைத்தார். "சொல்லு மாஸ்டர்."

"பொண்ணு அழுதுட்டிருக்கு. வா."

"ஒளியை எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாரேன்."

"நார்சிசோ!"

காபியை முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்தவர் கேமராவைத் தொடவே இல்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் மதில்மேல் உட்கார்ந்து, எலியேசரின் மேல்சட்டையைக் காட்டி, அதன் ஒவ்வொரு பையிலும் என்ன இருக்கும் என்று அவளோடு சேர்ந்து ஊகித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பைக்கு அவள் மூக்கை உறிஞ்சினாள், ஆறாவதுக்குச் சிரித்தாள். மேகம் ஒன்று சூரியனை மூடும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் எழுந்தார். எலியேசர் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக இதே இடத்தில் நின்று பார்த்ததுதான். காத்திருப்பதும் வேலையில் சேர்த்தி என்பது அன்றுவரை அவன் கண்ணில் படவில்லை, ஆள் சோம்பேறி என்றே நினைத்திருந்தான்.

அதற்குப்பின் அவன் வண்டி ஓட்டிய நேரம் போக மிச்ச நேரத்தில் இரண்டாவது கேமராவைப் பிடித்தான். வெள்ளை அட்டையையும் பிடித்தான். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக நார்சிசோ திட்டுவார், இரண்டு பக்கமும் வெள்ளைதானே என்று இவன் கேட்பான், சண்டை அங்கிருந்து தொடங்கி வீடு வரை வரும். கூடத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு படம் அவனுக்கு எப்போதாவது விழும். அது விழுந்த மறுநாள் முழுக்க ஆகாயமும் முழங்காலும்தான்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் நார்சிசோ வேறு ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு பெண்ணை எலியேசர் தனியாக எடுத்தான். நடுவில் மழை வந்தது, அவள் தம்பி கேக்கில் விழுந்தான், கவுனின் கொக்கி அறுந்தது. எலியேசர் தாழ்வாரத்துக்கு மாற்றினான், காத்திருந்தான், கொக்கியை ஊசியால் குத்தினான், எடுத்தான். இரவு நார்சிசோ திரும்பி வந்து எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் விரல் எங்கேயும் நிற்கவில்லை, எதையும் அழிக்கவும் இல்லை.

"என்ன மச்சான், எப்படி இருக்கு?"

"சப்புனு இருக்கு," என்று நார்சிசோ கொட்டாவி விட்டார். "எல்லாமே சரியா இருக்கு."

எலியேசர் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே வந்து வண்டியைக் கிளப்பினான். தெருக் கோடியில் யாருமே இல்லாத முச்சந்தியில் ஹாரனை ஓங்கி அடித்தான். ஒரு ஜன்னல் திறந்து யாரோ அவன் வம்சத்தையே வைதார்கள். அவன் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு, இன்னொரு தடவை அடித்தான்.